உங்கள் மருந்து ஜெயிக்க வேண்டுமா?

உங்கள் கையில் ஒரு மருந்து இருக்கிறது. மாத்திரையோ, சூரணமோ, பயிற்சித் திட்டமோ, எதுவானாலும் சரி. மைத்துனருக்குக் கொடுத்தீர்கள், கேட்டது. மைத்துனரின் முதலாளிக்குக் கொடுத்தீர்கள், அவருக்கும் கேட்டது. இனி ஊர் உலகத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. குறுக்கே நிற்பது கிளினிக்கல் ட்ரையல் என்ற ஒன்றுதான். அதற்காக மனம் தளர வேண்டாம். மருந்து நல்லதாக இருந்தால்தான் சோதனையில் தேறும் என்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்கள் பேச்சு. கீழே உள்ளபடி நடந்தால் எதுவும் தேறும்.

முதல் வேலை, நோயைத் தேர்ந்தெடுப்பது. மலேரியா பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி இருக்கிறதா, போய்விட்டதா என்று லேப் டெக்னீஷியன் சொல்லிவிடுவார். உங்கள் விளக்கத்தை அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். காசநோயும் அதே ரகம். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு கேள்வி கேட்டது: சானடோரியத்தில் படுக்கவைத்து, முட்டையும் பாலும் கொடுத்து வைத்தியம் செய்தால்தான் ஆகுமா, வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதாதா? குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்தார்கள், சளியில் கிருமி உண்டா இல்லையா என்று பார்த்தார்கள். நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தின் காலம் முடியத் தொடங்கியது. இப்படி நறுக்கென்று விடை சொல்லும் நோய் உங்களுக்கு ஆகவே ஆகாது.

உங்களுக்கேற்ற களம் சிண்ட்ரோம். ஏழெட்டுத் தொல்லைகள் சேர்ந்து வரும், ஒரே பெயரில் வரும், பல சிண்ட்ரோம்களில் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எதுவும் பிடிபடாது. நோயாளி படும் பாடு நிஜம், அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அந்தப் பாட்டை அளக்கக் கருவி இல்லை என்பதுதான் உங்கள் மூலதனம். ஐபிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கிச் சட்டை ஐபிஎஸ் அல்ல, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். வயிற்று வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல், பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு தடவை கழிப்பறை. உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால் குடல் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். ஆகவே குணமானதா என்பதை நோயாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்பவர் நீங்கள்.

அடுத்து, யாருடன் ஒப்பிடுவது? எதிராளியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்சக் குழுவினர் 2008-ல் செய்த ஓர் ஆய்வை நீங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தூங்கலாம். 262 ஐபிஎஸ் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சும்மா காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. இரண்டாவது பிரிவுக்குப் போலி அக்குபஞ்சர். ஊசி தோலுக்குள் போகாது, கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். குத்துகிறவர் அதிகம் பேசவும் மாட்டார். மூன்றாவது பிரிவுக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்பார், கனிவாகப் பேசுவார், நாடியைப் பிடித்தபடி ஓர் இருபது விநாடி யோசனையில் ஆழ்ந்த மாதிரி மௌனமாக இருப்பார். இந்த இருபது விநாடி ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது! மூன்று வாரம் கழித்து, போதுமான நிவாரணம் கிடைத்தது என்று சொன்னவர்கள் காத்திருந்தோரில் 28%, பேசாத ஊசிக்காரரிடம் 44%, நாடி பிடித்தவரிடம் 62%. இத்தனைக்கும் யாருடைய உடம்புக்குள்ளும் எதுவும் போகவில்லை.

இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது: உங்கள் மருந்தைக் கொடுக்கும் பிரிவில் நல்ல டாக்டராகப் பார்த்து உட்காரவையுங்கள், எதிர்ப் பிரிவைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிடுங்கள். வெற்று மாத்திரையை மட்டும் எதிரே நிறுத்திவிடாதீர்கள். அது பொல்லாதது. 2010-ல் அதே கேப்சக் 80 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதியிடம், "இதில் மருந்தே இல்லை, சர்க்கரை மாத்திரை மாதிரிதான்" என்று சொல்லியே கொடுத்தார். 59% பேர் தேவலை என்றார்கள். எதுவும் தரப்படாதவர்களில் 35%. மருந்தில்லை என்று தெரிந்தும் இந்தக் கதியென்றால், தெரியாமல் சாப்பிடும்போது உங்கள் சூரணம் அதை எப்படி முந்தும்?

சோதனையைச் சின்னதாகவும் குறுகிய காலத்துக்குமாக வைத்துக்கொள்வதும் நல்லது. அபூர்வமான கேடுகள் கண்ணில் படாது. அலோசெட்ரான் என்ற ஐபிஎஸ் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2000 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. குடலுக்கு ரத்தம் போகாமல் அழுகும் நிலை வரை சிலருக்குப் போனதால் அதே ஆண்டு நவம்பரில் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் என்ன, 2002-ல் கடும் கட்டுப்பாடுகளுடன் திரும்பியும் வந்துவிட்டது. அந்த மாத்திரையால் நிஜமாகவே பயன்பட்ட நோயாளிகளும் திரும்பக் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிண்ட்ரோம்காரர்களுக்கு வேறு கதி அவ்வளவாக இல்லை.

எதை அளப்பது என்ற பாடத்துக்கு வருவோம். நோயாளிக்கு வேண்டியதை அளக்காதீர்கள், சீக்கிரம் கிடைப்பதை அளந்துகொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ஏஆர்டிஎஸ் என்ற கடும் மூச்சுத்திணறல் சிண்ட்ரோமில் ஒரு சோதனை நடந்தது. நோயாளியை வென்டிலேட்டரில் வைத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுவது? உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லி என்பது அன்றைய வழக்கம். 6 மில்லி போதுமா என்று அமெரிக்காவில் 861 பேரிடம் பார்த்தார்கள். முதல் சில நாட்களில் பெரிய மூச்சு வாங்கியவர்களின் ரத்தத்தில்தான் ஆக்சிஜன் நன்றாக இருந்தது. அத்தோடு கடையைக் கட்டியிருந்தால் 12 மில்லிக்கே வெற்றி. அந்த ஆய்வாளர்கள் விவரமில்லாதவர்கள். யார் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள் என்பது வரை பார்த்தார்கள். பெரிய மூச்சுப் பிரிவில் 39.8% பேர் இறந்திருந்தார்கள், சின்ன மூச்சில் 31%. அழகான ஆக்சிஜன் எண்ணைத் தந்துகொண்டே அந்தக் காற்று நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்தது. 2000-ல் முடிவு வெளியான பிறகு உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் காற்றளவைக் குறைத்தன. நீங்கள் முதல் நாள் மாலையே முடிவை அறிவித்துவிடுங்கள்.

நம் ஊரில் அதிகம் பேசப்படும் பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்ற பிசிஓஎஸ்ஸுக்கும் இதே யோசனைதான். பிள்ளைப்பேறு வேண்டி வந்த 626 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2007-ல் வெளியானது. குளோமிஃபீன் ஒரு பிரிவுக்கு, மெட்ஃபார்மின் ஒரு பிரிவுக்கு, இரண்டும் சேர்த்து மூன்றாவது பிரிவுக்கு. கருமுட்டை வெளியாகிறதா என்று பார்த்தால் இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் முன்னணியில் இருந்தார்கள்: 60.4%, குளோமிஃபீன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 49%. இங்கே நிறுத்தி, துண்டுப் பிரசுரம் அடித்திருக்கலாம். தொட்டிலில் குழந்தை இருக்கிறதா என்று எண்ணியபோது 26.8%-க்கு 22.5%. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 7.2%. தொட்டில் வரை போகிறவர்கள் வியாபாரத்துக்கு லாயக்கில்லை.

இனி இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. கேள்வித்தாள் உங்கள் கையில். தேர்ச்சி மதிப்பெண்ணும் உங்கள் கையில். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைச் செய்து காட்டியவர்கள் ஏதோ சந்துக் கம்பெனிக்காரர்கள் அல்லர். பிரிட்டன் அரசின் பணத்தில், சுமார் 50 லட்சம் பவுண்டு செலவில், 641 நோயாளிகளைக் கொண்டு நடந்த பேஸ் சோதனை அது. நோய், குரோனிக் ஃபேட்டிக் சிண்ட்ரோம் எனப்படும் நாள்பட்ட களைப்பு. நாம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படும் களைப்பு அல்ல. குளித்துவிட்டு வந்தால் அன்று முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டிய களைப்பு. சற்று உழைத்தால் மறுநாள் இன்னும் மோசமாகும். பணம் கொடுத்தவர்களில், உடல்நலமின்றி வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அரசுத் துறையும் உண்டு. சோதிக்கப்பட்டவை மாத்திரைகள் அல்ல: மனப்போக்கை மாற்றும் பேச்சு சிகிச்சை, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி, சக்திக்குள் அடங்கி வாழும் முறை, வழக்கமான மருத்துவம்.

உடலியக்கத்தை அளக்க எஸ்எஃப்-36 என்ற கேள்வித்தாளின் பத்துக் கேள்விகள். ஓட, கனமான பொருளைத் தூக்க முடிகிறதா? மேசையை நகர்த்த? மளிகைப் பையைச் சுமக்க? பல மாடி ஏற? ஒரு மாடி ஏற? குனிய, மண்டியிட? ஒரு மைலுக்கு மேல் நடக்க? அரை மைல்? நூறு கஜம்? தானாகக் குளித்து உடுத்த? ஒவ்வொன்றுக்கும் "ரொம்பக் கஷ்டம்" என்றால் 0, "கொஞ்சம் கஷ்டம்" என்றால் 5, "கஷ்டமில்லை" என்றால் 10. மொத்தம் 100. சோதனையில் சேர வேண்டுமானால் 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு முடியாதவர்களைத்தான் சேர்த்தார்கள். குணமானவர் என்று சொல்ல 85 எடுக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் எழுதிவைத்தார்கள். 2013-ல் வந்த கட்டுரையில் அந்த 85 இறங்கி 60 ஆகியிருந்தது.

ஆம், 65 எடுத்தவர் உள்ளே வரும்போது நோயாளி. அவரே 60 எடுத்தால், இந்த ஒரு கோட்டைப் பொறுத்தவரை குணமானவர். 40 மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்த மக்குப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் டியூஷன் சென்டர், வருடக் கடைசியில் 35 எடுத்தவனையெல்லாம் ரேங்க் பட்டியலில் போட்டு பேனர் வைப்பதைப் போல. 60 என்றால் என்ன என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஓட முடியாது, பல மாடி ஏற முடியாது, ஒரு மைலுக்கு மேல் நடக்க முடியாது, மேசையை நகர்த்தவும் அரை மைல் நடக்கவும் கொஞ்சம் கஷ்டம், மற்றவை பரவாயில்லை. கூட்டினால் சரியாக 60. இந்தக் கோட்டை, சோதனைக்குள் நுழையும் நாளிலேயே சுமார் 13% பேர் தாண்டியிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

60 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் தயாராக ஒரு கணக்கு வைத்திருங்கள். அவர்கள் வைத்திருந்தார்கள். பொதுமக்களின் சராசரி 84, திட்ட விலக்கம் 24, கழித்தால் 60. அந்தப் பொதுமக்களில் முதியவர்களும் வேறு நோயாளிகளும் இருந்தார்கள் என்பதையும், பெரும்பாலோர் நூறை ஒட்டிக் குவியும் ஓர் அளவில் இப்படிக் கழிப்பது பொருந்தாது என்பதையும் புள்ளியியல் படித்தவர்கள் மட்டுமே கண்டுகொள்வார்கள். குணமானவர் என்ற முழுச் சான்றிதழுக்கு வேறு நிபந்தனைகளும் இருந்தன. அவற்றிலும் கோடு தளர்ந்திருந்தது. தரவைப் பார்த்துவிட்டு மாற்றவில்லை, முறையாகவே மாற்றினோம் என்பது ஆய்வாளர்களின் வாதம். அதை நம்பினாலும்கூட 60 என்பது 65-க்குக் கீழேதான் இருக்கிறது.

விளைவு? பேச்சு சிகிச்சையிலும் உடற்பயிற்சியிலும் 22% பேர் குணம், வழக்கமான மருத்துவத்தில் 7%. பின்னாளில் மற்றவர்கள் முதலில் எழுதிவைத்த விதிப்படியே அதே தரவைக் கணக்குப் போட்டபோது பேச்சு சிகிச்சையில் 7%, உடற்பயிற்சியில் 4%, வழக்கமான மருத்துவத்தில் 3%. மதிப்பெண்ணைத் திருத்துவதில் எத்தனை நோயாளிகள் பிழைக்கிறார்கள் பாருங்கள்.

பேஸ் சோதனையிலிருந்து பொறுக்கிக்கொள்ள இன்னும் சில முத்துகள் உண்டு. நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்று காட்டும் கருவியைக் கணுக்காலில் கட்டிவிட முதலில் திட்டமிருந்தது. முடிவை அளக்கும் கட்டத்தில் அது கைவிடப்பட்டது, நோயாளிகளுக்குச் சிரமமாம். கருவிக்குப் பேச்சு சிகிச்சை செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனை மட்டும் தப்பிவிட்டது. உடற்பயிற்சிப் பிரிவினர் ஓராண்டு முடிவில் சராசரியாக 379 மீட்டர் நடந்தார்கள், தொடக்கத்தில் 312. கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு நிமிடத்தில் 379 மீட்டர் என்பது மெரினாவில் சுண்டல் வாங்கக் கூப்பிட்டால்கூட நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. எனவே மீட்டரைச் சொல்லாமல் சதவீதத்தைச் சொல்லுங்கள்.

சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே பங்கேற்பாளர்களுக்கு ஒரு செய்திமடல் அனுப்புவது நல்ல பழக்கம். 2008 டிசம்பரில் பேஸ் குழு அனுப்பிய மடலில், சிகிச்சை எடுத்தவர்களின் நன்றி மொழிகள் இருந்தன. பேச்சு சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் அரசு வழிகாட்டி பரிந்துரைத்திருக்கும் சேதியும் இருந்தது. அப்போது பலரிடம் இன்னும் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டியிருந்தது. பரீட்சை ஹாலில் விடையைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதை யாரும் தடுக்கவில்லை.

யாராவது தரவைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் நோயாளி என்றால் தொல்லை தருகிறார் என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கே ஒரு சறுக்கல் நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு நோயாளி பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டப்படி பேஸ் தரவைக் கேட்டார். தரவை வைத்திருந்த லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகம் மறுத்து, வழக்காடி, சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு செலவழித்து, 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயத்தில் தோற்றது. 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டியைத் திருத்தி, இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சித் திட்டத்தைத் தரக்கூடாது என்று எழுதிவிட்டது. சோதனையின் முதல் முடிவு வந்ததிலிருந்து அதற்குள் பத்தாண்டு ஓடியது என்பதையும் பாருங்கள். பத்தாண்டு போதாதா உங்களுக்கு?

எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் தேவை. அதே நோய், நார்வேயின் பெர்கன் நகரம். அய்ஸ்டைன் ஃப்ளூகே, உலாவ் மெல்லா என்ற இரண்டு புற்றுநோய் மருத்துவர்கள், ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை 30 பேரிடம் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். மருந்து கிடைத்த 15 பேரில் 10 பேருக்கு நல்ல மாற்றம், வெற்று ஊசிக்காரர்களில் 2 பேருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் கிளினிக் திறப்பார்கள். இவர்கள் 151 பேரைச் சேர்த்து, யாருக்கு எது என்று எல்லோரிடமும் மறைத்து, மறுபடி சோதித்தார்கள். மருந்துப் பிரிவில் 26%, வெற்றுப் பிரிவில் 35%. தங்கள் நம்பிக்கை பொய்த்ததை 2019-ல் தாங்களே கையெழுத்துப் போட்டு வெளியிட்டார்கள். அவர்களால் எத்தனையோ நோயாளிகள் வீண் ஊசியிலிருந்து தப்பினார்கள், அவ்வளவுதான் லாபம்.

நிஜமாகவே வேலை செய்யும் மருந்து உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. எய்ட்ஸ் என்பதும் சிண்ட்ரோம்தான். 1986-ல் ஏஇசட்டி மருந்தை 282 பேரிடம் சோதித்தபோது வெற்று மாத்திரைப் பிரிவில் 19 பேர் இறந்திருந்தார்கள், மருந்துப் பிரிவில் ஒருவர். சோதனையைப் பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். 19-க்கு 1 என்பதைச் சொல்லக் கேள்வித்தாள் எதற்கு? ஆனால் அப்படி ஒரு மருந்து இருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கடைசியாக, உங்கள் ஒரே எதிரியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பதிவேடு. எதை அளக்கப் போகிறோம், எத்தனை பேரிடம், எத்தனை நாளில், யாருடன் ஒப்பிட்டு என்று முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லும் தொல்லை அது. இந்தியாவில் சிடிஆர்ஐ என்ற பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்கிறார்கள். முடித்துவிட்டு வந்து பதிய முடியாது. அன்று 85 என்று எழுதியிருந்தீர்களா, 60 என்றா என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

நல்லவேளையாக, பார்ப்பவர்கள் குறைவு. நோயாளியிடம் தமிழில் ஒரு ஒப்புதல் படிவத்தை நீட்டினால், அவர் கடைசிப் பக்கத்தில் எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பார். "சிடிஆர்ஐ எண் என்ன? எதை வைத்து எனக்குக் குணம் என்று சொல்வீர்கள்? எனக்கு வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்புண்டா? முடிவு சரியில்லாவிட்டாலும் வெளியிடுவீர்களா? கேடு வந்தால் செலவு யாருடையது?" என்று கேட்க மாட்டார். அவரோ அவர் மகளோ இந்தப் பத்திரிகையைப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. படித்துவிட்டால், அந்த எண்ணை செல்போனில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது; கட்டணமும் கிடையாது.